வெள்ளத்தில் இறங்கிய கால்

வடமராட்சியிலிருந்து ஒரு தொண்டர்:

2024 நவம்பர் கடைசியில் எங்கள் ஒழுங்கை முழங்கால் அளவு தண்ணீரில் கிடந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கி, வயோதிபர்களைப் பாடசாலைக்குத் தூக்கிச் சென்றோம். மலசலகூடக் குழிகளும் மாட்டுக் கொட்டில்களும் கலந்த தண்ணீர் அது. என் குதிக்காலில் பித்தவெடிப்பு. இரண்டு நாள் ஊறியதில் தோல் வெளுத்துச் சுருங்கி, வெடிப்பு மட்டும் சிவப்பாக வாய் பிளந்திருந்தது. அந்தத் தண்ணீர் பட்ட கையோடுதான் சோற்றுப் பொட்டலத்தையும் பிரித்தேன்.

எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை தந்தார்கள். வயிற்றைப் பிரட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் காய்ச்சல். கெண்டைக்காலில் போர்வை பட்டாலும் உயிர் போனது. பனடோல் போட்டுக்கொண்டு மூன்று நாள் கிடந்தேன். கண் சிவந்து, சலம் குறைந்த பிறகுதான் அக்கா முச்சக்கர வண்டியில் ஏற்றினார். "வெள்ளத்துக்குள் இறங்கினீர்களா?" வைத்தியரின் முதல் கேள்வி அதுதான். எலிக்காய்ச்சல். அந்த டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இதே காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. நான் பிழைத்தேன்.

இளைப்பாறிய தாதி ஒருவர்:

தம்பி, அந்த மூன்று நாளை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பதறுகிறது. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சலத்திலிருந்து வரும் கிருமி இது. காயத்தாலும், ஊறி மெலிந்த தோலாலும், கண், மூக்கு, வாயாலும் உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் காட்டும். ஒரு மாதம் வரை தள்ளி வருவதும் உண்டு. வெள்ளம் வடிந்துவிட்டதே என்று சும்மா இருக்கக் கூடாது.

தண்ணீரில் வேலை செய்பவருக்கு வைத்தியர் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுப்பார். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் வயிற்றுப் பிரட்டல் குறையும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் தாமாக எடுக்கக் கூடாது.

முழங்கால்வரை வரும் இறப்பர் சப்பாத்துப் போட்டால் பயந்தவன் என்று நினைப்பார்களோ எனப் பெடியன்கள் கூச்சப்படுகிறார்கள். ஊரைத் தூக்குகிற கால்களுக்கு முதலில் சப்பாத்து வாங்கிக் கொடுக்க வேண்டியது ஊரின் கடமை. ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அது சப்பாத்துக்குள்ளும் நிறைந்துவிடும். உடனே கழற்றிக் கழுவ வேண்டும்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது என் வாசலில் கொதித்தாறிய தண்ணீரும் சவர்க்காரமும் வைத்தேன். கை கால் கழுவி, காயத்துக்கு நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிய பிறகே தேநீர் கொடுத்தேன். ஒருவன் கால் விரலிடுக்கில் ஆணி கிழித்த காயம். நான் காட்டும்வரை அது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.