டர்போ லேக்: ஒரு சொல் போதாது

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி டர்போ. மிதித்ததும் அதன் பலன் உடனே கிட்டாமல் தாமதிப்பதே 'டர்போ லேக்'. இதற்குத் தமிழில் முன்வைக்கப்படும் 'டர்போ பின்னடைவு' என்னும் சொல்லை நான் ஏற்கவில்லை. பின்னடைவு என்பது முன்னேறிக்கொண்டிருந்த ஒன்று சரிவதைக் குறிப்பது. இங்கே எதுவும் சரியவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கூடுதல் டீசல் எரிந்து, வெளியேறும் புகையின் விசை பெருகி, அது டர்பைன் என்னும் சக்கரத்தை விரைவுபடுத்தி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தருவதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடுகிறது. வர வேண்டியது தாமதித்து வருவதைச் சுணக்கம் என்கிறோம். ஆகவே 'டர்போ சுணக்கம்' என்பதே என் பரிந்துரை. 'டர்போ' அப்படியே இருக்கட்டும். அது மெக்கானிக்குகளின் வாயில் நிலைத்துவிட்ட சொல்.

ஆனால் இச்சொல்லை எதற்கு வழங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 'பிக்கப் இல்லை' என்னும் ஒரே குறைக்குள் இரண்டு நிகழ்வுகள் கலந்துகிடக்கின்றன. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவொன்றில் திரும்பியபின், மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஓடுகையில் வண்டி ஏறத் திணறினால், அது சுணக்கமன்று. அந்தச் சுற்றில் வெளியேறும் புகைக்கு டர்பைனைப் போதிய வேகத்தில் சுழற்றும் வலுவே இல்லை. சுற்று ஏறாதவரை எவ்வளவு நேரம் மிதித்தாலும் பயனில்லை, கியரைக் குறைப்பதே வழி. டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், அதாவது 'பூஸ்ட்', தொடங்கும் இந்த எல்லைக்கு 'ஊட்டத் தொடக்கச் சுற்று' என்று தனிப்பெயர் வேண்டும். 2500 சுற்றில் ஓடும்போது காலை எடுத்து மீண்டும் மிதித்தால் உணரப்படும் இடைவெளியே சுணக்கம்.

டர்போவைத் தேர்ந்தெடுக்கையில் இந்த வேறுபாடு பெரிதும் உதவும். சிறிய டர்போவின் சக்கரம் எடை குறைந்தது என்பதால் சுணக்கமும் குறையும், தொடக்கச் சுற்றும் இறங்கும். ஆனால் உயர் சுற்றில் அதுவே புகையின் வழியை நெருக்கித் திறனைக் கட்டுப்படுத்தும். டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்கள் அசையும் டர்போ, புகை குறைவாக இருக்கும்போது இதழ்களை மூடி, வழியைக் குறுக்கி, புகையை விரைவாகப் பாய்ச்சுகிறது. ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சின் மாருதி ஸ்விஃப்டில் அசையும் இதழ்கள் இல்லாத டர்போவுடன் 75 குதிரைத்திறனும் 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. எர்டிகாவில் அதே கொள்ளளவு, அசையும் இதழ்களுடன் 90 குதிரைத்திறனும் 1750 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டரும் தந்தது. மலைப்பாதையில் அன்றாடம் ஓட்டுபவருக்கு அந்த 250 சுற்று வேறுபாடு, கூடுதல் 15 குதிரைத்திறனைவிட முக்கியமானது என்பேன்.

'பூஸ்ட்' என்பதற்கு 'அழுத்தம்' என்று மட்டும் சொன்னால் டயர் அழுத்தம், ஆயில் அழுத்தம் ஆகியவற்றுடன் குழம்பும் என்பதால்தான் 'ஊட்டம்' என்றேன். இதைவிடப் பொருத்தமான சொல்லை நண்பர்கள் முன்வைத்தால் மகிழ்வுடன் ஏற்பேன். சுணக்கத்தையும் தொடக்கச் சுற்றையும் ஒரே சொல்லில் அடக்குவதை மட்டும் ஏற்க இயலாது.