மகன் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது? (டர்பன்)

சாட்ஸ்வர்த் அம்மா:
வணக்கம். நாங்க திருநெல்வேலி, இப்போ தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கோம். மகனுக்கு 24 வயசு. ஊரிலிருந்து வந்த பெண் ஜாதகத்தைக் காட்டினேன். பிரிக்காமலே மேசையில் வச்சிட்டு, "அம்மா, எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்"னு சொல்லிட்டான். அவங்க அப்பாவுக்குத் தெரியாது. கல்யாணம் ஆனா சரியாயிடும்ங்கிறா என் அக்கா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமா? எனக்குச் சோறு இறங்கலை.

பீனிக்ஸ் அக்கா:
தங்கச்சி, முதல்ல அந்த ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிடுங்க. சரியாயிடும்னு நம்பிக் கட்டி வச்சா, ஊரிலிருந்து விமானம் ஏறி வர்ற பொண்ணோட வாழ்க்கையும் சேர்ந்து போகும். அவளைப் பெத்தவளும் உங்களை மாதிரி ஒருத்திதான்.

இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தாச்சு. மாத்திக் காட்டுறேன்னு எவன் சொன்னாலும் பிள்ளையை அவன் பக்கமே விடாதீங்க. பயத்துல தூங்காம இருந்தான்னா மனநல ஆலோசகரைப் பார்க்கட்டும், அது வேற.

என் மகள் ஒரு பொண்ணைத்தான் கட்டியிருக்கா. 1996 அரசியல் சட்டம், பாலீர்ப்பை வச்சு யாரையும் ஒதுக்கக் கூடாதுங்குது. 2006 நவம்பர் 30-லிருந்து இங்கே ஒருபால் திருமணம் செல்லும், ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடு. அவகிட்ட பேசாமலே இருந்த என் வீட்டுக்காரர் பதிவன்னிக்கு வந்தார். சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றாமலே தாளில் அழுத்திக்கிட்டு நின்னார். மகள்தான் கழற்றிக் கொடுத்தா.

சட்டம் இருந்தா தெருவில் பயமில்லைன்னு சொல்ல மாட்டேன். தன்னை மறைக்காம வாழ்ந்த கால்பந்து வீராங்கனை யூடி சிமெலானேவை 2008-ல் கொன்னது இந்த நாட்டிலதான். வீட்டுக்குள்ளேயும் அவன் பயந்துக்கிட்டு இருக்கக் கூடாது தங்கச்சி.

ஜோபர்க் தம்பி:
அம்மா, நானும் உங்க மகன் மாதிரிதான். அப்பாகிட்ட நீங்களா போய்ச் சொல்லிடாதீங்க. யார்கிட்ட, எப்போங்கிறது அவன் முடிவு. சொல்லும்போது நான் கூட இருக்கட்டுமான்னு மட்டும் கேளுங்க. உங்க அக்காவையும் வேற யார்கிட்டயும் இதைப் பேச வேண்டாம்னு சொல்லிடுங்க. கோயிலுக்குக் கூப்பிடுறதை நிறுத்தாதீங்க. எங்க வீட்டில் யாரும் திட்டலை. காவடிக்கு என்னைக் கூப்பிடலை, அவ்வளவுதான். அதுதான் ரொம்ப வலிச்சது.

சாட்ஸ்வர்த் அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. அக்காகிட்ட இன்னைக்கே பேசுறேன். அவனுக்கு யாராவது இருக்காங்களான்னு நான் கேட்கலாமா?

பீனிக்ஸ் அக்கா:
தாராளமா கேளுங்க. இருந்தா ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்க. இல்லைன்னா விட்டுடுங்க, துருவாதீங்க.