வாய்க்கால் விசயம் – எங்கள் ஒழுங்கைக் குழு

சிவம் மாஸ்டர்: நேற்றைய கூட்டத்துக்கு 11 பேர் வந்தோம். போன வருடமும் இதே 11 பேர்தான். வாய்க்காலை எந்தப் பக்கத்தால் கொண்டுபோவது என்று நாங்களே எழுதிக் கொடுத்தால் அது ஊர் முடிவாகாது. வாக்காளர் இடாப்பில் இருந்து சீட்டு எடுத்து 15 பேரைத் தெரிவோம்.

ரஞ்சன்: மாஸ்டர், குறை நினைக்க வேண்டாம். சீட்டில் வருகிற ஆளுக்கு நிலமட்டம், நீரோட்டம் எல்லாம் தெரியுமா?

சிவம் மாஸ்டர்: கேட்டு அறியலாம் தம்பி. அயர்லாந்தில் 2016இல் 99 பேரை இப்படித்தான் சேர்த்தார்கள், தலைமைக்கு ஒரு நீதிபதி. கருக்கலைப்புச் சட்டம், கட்சிகள் தொடத் தயங்கிய விசயம். வார இறுதிகளில் வைத்தியர்கள், சட்டத்தரணிகள், இரண்டு பக்கத்து அமைப்புகள் எல்லாரையும் கேட்டு, வட்ட மேசைகளில் இருந்து கதைத்து, வாக்களித்துச் சிபாரிசு செய்தார்கள். 2018இல் மக்கள் தீர்ப்பிலும் 66 வீதம் அதற்கு ஆதரவு. எங்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து மட்டம் பார்த்துச் சொல்லட்டும். தீர்மானம் அந்த 15 பேருடையது.

மாலா அக்கா (பெல்ஜியம்): இங்கே ஜெர்மன் பேசும் பகுதியில் ஏறக்குறைய 80,000 பேர்தான். 2019இல் இருந்து சீட்டில் தெரிந்த 24 பேர் கொண்ட நிரந்தர சபை இருக்கிறது. எதைப் பேசுவது என்று அந்தச் சபை தீர்மானிக்க, சீட்டில் வருகிற வேறு ஆக்கள் கூடிப் பேசிச் சிபாரிசு செய்வார்கள். அதை ஏற்காவிட்டால் ஏன் என்று அந்தப் பகுதிப் பாராளுமன்றம் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் அப்படி ஒரு உறுதியை வாய்க்கால் வெட்டுபவர்களிடம் முதலே கேட்டு வாங்குங்கள்.

தவமணி: மாஸ்டர், நான் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. 5 மணிக்குக் கடையில் வேலை. போன மாரியில் அடுப்படிக்குள் வெள்ளம் வந்து அரிசி வாளியைக் கட்டிலில் தூக்கி வைத்தோம். கறை இன்னும் சுவரில் இருக்கிறது, சின்னவளின் முழங்கால் மட்டத்துக்கு. கிழக்குப் பக்கத்தால் வெட்டினால் தண்ணீர் முழுக்க எங்கள் வளவுக்குத்தான் வரும். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ரஞ்சன்: அக்கா, இது எனக்குத் தெரியாது. கிழக்குப் பக்கம் என்று நேற்றுச் சொன்னதே நான்தான். மன்னியுங்கள்.

நிலா: உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிற குடவோலையும் இதுதானே? சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலம். 30 குடும்பு (ஊர்ப் பிரிவு), பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். கணக்குக் காட்டாதவர் பெயரும் அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. ஆனால் சொந்தக் காணியும் வேதப் படிப்பும் கேட்டார்கள். எங்கள் குடத்தில் வாடகை வீட்டு ஆக்களும் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள்.

சிவம் மாஸ்டர்: ஓம் பிள்ளை, வடிவாகச் சொன்னாய். வாடகைக்கு இருப்பவர்கள் இடாப்பில் விடுபட்டிருப்பார்கள், வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்ப்போம்.

மாலா அக்கா (பெல்ஜியம்): பிரான்சில் 2019இல் காலநிலை பற்றிப் பேச 150 பேரைக் கூப்பிட்டபோது நாட்காசு கொடுத்தார்கள். கூலி வேலையை விட்டு வருபவர்களுக்கு நான் அனுப்புகிறேன்.

தவமணி: ஞாயிறு பின்னேரம் வைத்தால் என்னால் வரலாம்.

ரஞ்சன்: சரி, ஞாயிறு 4 மணி, வாசிகசாலை. சீட்டு நான் எழுதுகிறேன். அதற்கு முதல் தவமணி அக்கா வீட்டுச் சுவரை ஒருக்கால் வந்து பார்க்கிறேன்.