மழைக்காலத்துல ஃபைபர் போட்டை மூடணுமா, தொறந்தே விடணுமா?

தரங்கைப்பையன் (அக்டோபர் 4)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட ஃபைபர் போட், 30 அடி, பத்து வருஷம் ஓடினது. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, நான் சென்னைல வேலை, தம்பி துபாய்ல, அதனால இந்த ஐப்பசிலேர்ந்து தை வரைக்கும் போட் கரையிலதான் கெடக்கும். இஞ்சின கழட்டி வீட்டுக்குள்ள வெச்சாச்சு. போட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் வீட்டுல தினம் பஞ்சாயத்து. மாமா சில்பாலின் தார்ப்பாய் வாங்கி முன்னாடி அணியத்துலேர்ந்து பின்னாடி அமரம் வரைக்கும் இறுக்கிக் கட்டு, ஒரு சொட்டு உள்ள போகக்கூடாதுங்கறார். பக்கத்து வீட்டு அண்ணன் அதெல்லாம் வேஸ்ட்டு, அடில தண்ணி வடியற ஓட்டையோட பிளக்கக் கழட்டிட்டு அப்படியே விடுங்கறார். அப்பா ரெண்டு பேரையும் மதிக்கல, கீத்துக் கொட்டகைதான் போடணும்னு நிக்கறார், ஆனா கொட்டகை போட ஆள் கூலி கேட்டா தலை சுத்துது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ரெசின்கை (அக்டோபர் 4)

தம்பி, கடலூர் பக்கம் பதினெட்டு வருஷமா ஃபைபர் வேலை பாக்கறேன். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றதுதான் சரி. அணியத்த ஒரு முழம் தூக்கி வெய்யி, அமரத்துல பிளக்கக் கழட்டு, தீந்துச்சு. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டின போட்டத்தான் தை மாசம் எங்கிட்ட ரிப்பேருக்குக் கொண்டுவராங்க. உள்ள தொறந்து பாத்தா ஊறுகாய் ஜாடி மாதிரி வாடை அடிக்கும்.

நீலத்தார்ப்பாய் (அக்டோபர் 4)

அண்ணே, நீங்க ரிப்பேர் பண்றவரு, போட்ட மூட வேணாம்னுதானே சொல்லுவீங்க 😀

நான் புதுச்சேரி. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்தப்ப எங்க ஊர்ல 24 மணி நேரத்துல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. என் போட்டும் தொறந்துதான் கெடந்துது, பிளக்கும் கழட்டித்தான் இருந்துச்சு. காலைல போய்ப் பாத்தா ஓட்டைல வலைத்துண்டும் சருகும் அடைச்சு விளிம்பு வரைக்கும் தண்ணி. கணக்கு போடுங்க. 30 அடி போட்டுக்கு மேல தொறப்பு சுமாரா 12 சதுர மீட்டர், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 120 லிட்டர் விழும், பத்து சென்டிமீட்டருக்கே ஒண்ணேகால் டன் பக்கம் வந்துடும். கீழ ரெண்டே ரெண்டு எடத்துலதான் தென்னங்கட்டை குடுத்திருந்தேன், கட்டை உக்காந்த எடத்துல ஏரா (போட்டுக்கு அடில நீளவாக்குல ஓடற முதுகெலும்பு) ஓரமா கையளவுக்கு விரிசல் விட்டுருச்சு. அதுலேர்ந்து நான் மூடாம விடறதே இல்ல.

கோடியக்கரைக்காரன் (அக்டோபர் 5)

ஐப்பசி கார்த்திகைல போட்ட மூடி வெக்கறதப் பத்தி ஒரு விவாதமா... எங்களுக்கெல்லாம் அப்பத்தான்டா சீசனே. அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நாகப்பட்டினம் பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் கோடியக்கரைக்கு வந்து வாடி (கரையோரக் கொட்டகை) போட்டு தொழில் பாப்பாங்க. போட்ட யாருக்காச்சும் சீசனுக்கு விடுங்க தம்பி, நாலு காசாச்சும் வரும்.

தரங்கைப்பையன் (அக்டோபர் 5)

அண்ணே, முந்தி ஒரு வாட்டி சொந்தக்காரருக்கு விட்டு, திரும்பி வந்தப்ப அணியம் நசுங்கி வந்துச்சு, அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்.

ரெசின்கை (அக்டோபர் 5)

நீலத்தார்ப்பாய் தம்பி, உங்க போட் வெடிச்சது மழையாலயா? ஓட்டை அடைச்சதால, ரெண்டே கட்டைல நிக்க வெச்சதால. ஒரு இஞ்ச் ஓட்டைக்கு மேல ஒரு சாண் தண்ணி நின்னாலே மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல வெளிய தள்ளும். எவ்ளோ பேய்மழை பெஞ்சாலும் அது தாங்கும், அடைக்காம இருக்கணும் அவ்ளோதான். போட்டக் கழுவி சருகு, வலைத்துண்டு, செதில் எல்லாம் பொறுக்கிட்டு, ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு கொசுவல கம்பி சல்லடை வெச்சா வேலை முடிஞ்சுது.

இப்ப ஏன் மூடக்கூடாதுங்கறேன்னா, உங்க போட்டுக்கு வெளிப்பக்கம்தான் ஜெல்கோட்ங்கற மேல்பூச்சு, வழவழன்னு இருக்கும். உள்பக்கம் பெரும்பாலும் ரெசின் (நாரை ஒட்டவெக்கற பசை) மேல ஒரு கை பெயின்ட் மாதிரி அடிச்சிருப்பாங்க, பல எடத்துல கண்ணாடி நார் அப்படியே துருத்திக்கிட்டு நிக்கும். தண்ணி அங்க வாரக்கணக்கா நின்னா நாருக்குள்ள எறங்கும். தார்ப்பாய இறுக்கிக் கட்டினா மழை உள்ள போகாதுதான், ஆனா பகல்ல ஒரு மணி நேரம் வெயில் அடிச்சாப் போதும், அடில இருக்கற ஈரம் ஆவியாகி மேல போய் பாயில ஒட்டி ராத்திரி திரும்ப சொட்டும். வெளிய போக வழியே இல்ல. அதுலயும் உப்பு இருக்கே, உப்பு தானா காத்துலேர்ந்து ஈரத்த இழுக்கும், உப்பு படிஞ்ச போட்ட மூடி வெச்சா அது லேசுல காயாது. தொறந்து விட்டா மழையே கழுவிக் குடுத்துரும், வாடைக்காத்து காயவெச்சுரும்.

நீலத்தார்ப்பாய் (அக்டோபர் 5)

கழுவிட்டு மூடுங்கன்னுதானே சொல்றோம், உப்போட யாரு மூடச் சொன்னா. இன்னொண்ணு, ஃபைபருக்கு உப்புத்தண்ணிய விட நல்ல தண்ணிதான் கெடுதல், கொப்புளம் கெளம்பும்னு உங்கள மாதிரி வேலைக்காரங்கதான் சொல்லுவீங்க. மழைத்தண்ணிய விட நல்ல தண்ணி எது? 🙂

ரெசின்கை (அக்டோபர் 5)

நல்லா கேட்டீங்க. கொப்புளம் வரது உண்மை, நல்ல தண்ணில சீக்கிரம் வரும்ங்கறதும் உண்மை. ரெசின்ல சரியா வேகாம கெடக்கற கெமிக்கல் தண்ணில கரைஞ்சு, அது இன்னும் தண்ணிய உறிஞ்சி, ஜெல்கோட்டுக்கு அடில கொப்புளமா எழும்பும், குத்திப் பாத்தா காடி வாடை அடிக்கும். ஆனா அது மாசக்கணக்கா தண்ணிலயே மெதக்கற போட்டுக்கு வர்றது. கரையில ஏத்தி மழை பெஞ்சு வழிஞ்சு ஓடற போட்டுக்கு வராது. மழை பெய்யறது பிரச்சனையே இல்ல தம்பி, மழைத்தண்ணி உள்ள தேங்கி நிக்கறதுதான் பிரச்சனை.

வான்கூவர்மழை (அக்டோபர் 6)

நடுவுல வரேன், மன்னிக்கணும். நான் கனடால வான்கூவர் பக்கம், 16 அடி ஃபைபர் போட் ட்ரெய்லர்ல வெச்சிருக்கேன். இங்க குளிர்காலம்னா பனியை விட மழைதான், அக்டோபர்ல ஆரம்பிச்சா மார்ச் வரைக்கும் விடாது, வெயில்ங்கறதே கண்ல படாது. முதல் வருஷம் நானும் நீலத்தார்ப்பாய் சார் மாதிரிதான் சுத்தி இறுக்கிக் கட்டினேன், மார்ச்ல தொறந்தா சீட் மெத்தை எல்லாம் கருப்பு பூஞ்சை, ஓரத்துல பச்சையா பாசி. அடுத்த வருஷம் நடுவுல பைப் வளைச்சு கூடாரம் மாதிரி முகடு எழுப்பி அதுக்கு மேல பாய், முன்னயும் பின்னயும் காத்து போறதுக்குத் தொறந்து விட்டேன். அதுலேர்ந்து பூஞ்சை இல்ல. இங்க கடையில சூடு பண்ணி சுருக்கற பிளாஸ்டிக் உறை போட்டுக் குடுக்கறவங்களே அதுல காத்து போக மூடி வெச்ச ஓட்டைங்க ஒட்டித்தான் குடுப்பாங்க. அதனால மூடறதா தொறக்கறதாங்கறத விட, கூரை வேணும் சுவர் வேணாம்னு சொல்லலாம்.

ரெசின்கை (அக்டோபர் 6)

சார், உங்க ஊர்ல வெயிலே இல்ல அதனால கூரை வேணும். எங்களுக்கு மழை நாலு நாள் பெஞ்சா ரெண்டு நாள் சுள்ளுனு காயும். அதுவும் போக எங்க போட்ல மெத்த சீட்டு கெடையாது, மீன் பெட்டியும் கயிறும்தான்.

வான்கூவர்மழை (அக்டோபர் 6)

அந்த சுள்ளுனு காயற வெயில்தான் ஜெல்கோட்ட சுண்ணாம்பு மாதிரி உதிர வெக்குது அண்ணாச்சி. கூரை இருந்தா அதுவும் மிச்சம்.

கரையூர்மருமகன் (அக்டோபர் 6)

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில பருத்தித்துறைப் பக்கம். மாரிமழை உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்டுதான். தம்பியின்ர அப்பா சொல்லுறதுதான் சரி எண்டு நான் சொல்லுவன். எங்கட அப்பு ஆக்கள் மர வள்ளம் வச்சிருந்த காலத்தில கிடுகுக் கொட்டிலுக்கதான் ஏத்தி விடுவினம். மரத்துக்கு மழைத்தண்ணி படக்கூடாது, உப்புத்தண்ணி பரவாயில்லை, மழைத்தண்ணியிலதான் உக்கும். கிடுகெண்டால் மழையை விடாது, காத்தை விடும், சூடும் ஏறாது. பிளாஸ்டிக் அந்த வேலையைச் செய்யேலாது. ஆனா இப்ப கிடுகு பின்னுற ஆக்களே இல்லை, அது வேற கதை. எங்கட 18 அடி போட்டுகளை ஏழெட்டுப் பேர் சேர்ந்து கவிழ்த்தும் விடுறனாங்கள், 30 அடியை அப்பிடிச் செய்யேலாதுதானே.

நீலத்தார்ப்பாய் (அக்டோபர் 6)

கீத்துக் கொட்டகை மழைக்கு ஓகே. புயல் வந்தா? கொட்டகையே போட் மேல உக்காரும்.

கோடியக்கரைக்காரன் (அக்டோபர் 7)

நீலத்தார்ப்பாய்க்கு ஒண்ணு சொல்றேன். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் ஏறினப்ப நாங்க ஊர்லதான் இருந்தோம். இறுக்கிக் கட்டின தார்ப்பாய் எல்லாம் பாய்மரமாயிடுச்சு. காத்து அடில புகுந்து உப்பி, என் அண்ணன் போட்ட கயிறோட தூக்கி கட்டைலேர்ந்து கீழ தள்ளிடுச்சு. பாயும் போச்சு, பாய் கட்டின கயிறு அறுத்து அறுத்து விளிம்புல ஃபைபர் நார் வெளிய வந்துடுச்சு. தென்னைமரத்துல கட்டினவன் கதை இன்னும் மோசம். அந்த ராத்திரி டெல்டா முழுக்க விழுந்த தென்னைக்கு கணக்கு இருக்கா? மரம் போட் மேலயே விழுந்துச்சு. போட்டக் கட்டணும்னா மண்ணுக்குள்ள குழி தோண்டி மண்மூட்டைய பொதைச்சு அதுலேர்ந்து கயிறு எடுங்க, மரத்த நம்பாதீங்க.

நீலத்தார்ப்பாய் (அக்டோபர் 7)

சரி, புயல் எச்சரிக்கை வந்தா பாயக் கழட்டிட வேண்டியதுதான், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தகவல் வருதே. மூணு மாசத்துல ரெண்டு நாளுக்காக மூணு மாசமும் நனைய விடணுமா?

ரெசின்கை (அக்டோபர் 7)

கழட்டறது யாரு? பையன் சென்னைல, அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். நீங்க புதுச்சேரிலேர்ந்து வந்து கழட்டித் தருவீங்களா? ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் நான் யோசனை சொல்றேன். ஆள் பாத்துக்கறதா இருந்தா எதை வேணா போடலாம்.

புயல் நேரத்துல சிலபேர் பிளக்கப் போட்டுட்டு போட் பாதிக்கு வேணும்னே தண்ணி நெரப்புவாங்க, வெயிட்டுக்கு. காத்து தூக்காதுங்கறது சரி. ஆனா அடில மண்ணு நல்லா அணைச்சு, ஏரா முழுக்க தரைல உக்காந்திருந்தா மட்டும் பண்ணணும். கட்டை மேல நிக்கற போட்ல பண்ணினா நீலத்தார்ப்பாய் தம்பிக்கு ஆன கதிதான்.

தரங்கைப்பையன் (அக்டோபர் 8)

இவ்ளோ பேர் பதில் போடுவீங்கன்னு நெனைக்கல. கொசு விஷயத்த யாரும் சொல்லல, எங்க தெருவுல டெங்குக்கு வீடு வீடா வந்து தண்ணி தேங்கி இருக்கான்னு பாக்கறாங்க, போன வருஷம் பக்கத்து வீட்டுல தார்ப்பாய் பள்ளத்துல தேங்கின தண்ணில புழு இருந்துச்சுன்னு திட்டு வாங்கினாங்க. மாமாகிட்ட அதச் சொன்னேன், அவர் கொஞ்சம் எறங்கி வந்துட்டார்.

அப்பாகிட்ட உங்க எல்லார் பதிலையும் படிச்சுக் காட்டினேன். கடைசில சவுக்குக் கம்பு நட்டு முகடு மாதிரி எழுப்பி கீத்து போட்டாச்சு, பக்கவாட்டுல தொறந்துதான் இருக்கு. அணியம் ஒரு முழம் மேல, பிளக் கழட்டியாச்சு, உள்ள கம்பி சல்லடை. அடில நாலு எடத்துல மண்மூட்டை. கட்டுக்கயிறு பொதைச்ச மூட்டைலேர்ந்து வருது. வாரம் ஒருக்கா அப்பா நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, பக்கத்து வீட்டுப் பையன விட்டு ஓட்டைல குச்சி விட்டுக் குத்தச் சொல்றார்.

நீலத்தார்ப்பாய் (அக்டோபர் 8)

ஆக மூடிட்டீங்க 😎

ரெசின்கை (அக்டோபர் 8)

பிளக்கக் கழட்டிட்டாங்க, அதப் பாருங்க.

தரங்கைப்பையன் (ஜனவரி 19)

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன், நெலவரம் சொல்லிடறேன். கார்த்திகைல ஒரு காத்துல கீத்து பாதி பறந்துடுச்சு, மறுபடி வேய ஆள் கெடைக்கல, அப்படியே விட்டுட்டோம். ஆக பாதி போட் மூடி, பாதி போட் தொறந்து. தண்ணி எங்கயும் நிக்கல. மூடியிருந்த பாதில எலி குடும்பம் நடத்தியிருக்கு, ஒரு வலைய கடிச்சு நாசம் பண்ணிடுச்சு. தொறந்திருந்த பாதி பளிச்சுனு இருக்கு. ஆனா ஒரு விஷயம், அமரத்துல இஞ்சின் மாட்டற பலகைல போல்ட் ஓட்டைலேர்ந்து காபி கலர்ல தண்ணி கசியுது.

ரெசின்கை (ஜனவரி 19)

ஐயோ. அந்தப் பலகைக்குள்ள பிளைவுட் இருக்கும், மேல ஃபைபர் சுத்தியிருப்பாங்க. ஒரு சின்ன சுத்தியலால ஓட்டைய சுத்தி தட்டிப் பாருங்க. கணீர்னு வந்தா பொழைச்சீங்க.

தரங்கைப்பையன் (ஜனவரி 20)

மேல கணீர்னுதான் வருது. போல்ட்டுக்குக் கீழ ஒரு சாணுக்கு மொத் மொத்துனு வருது.

நீலத்தார்ப்பாய் (ஜனவரி 20)

அந்தப் பாதிதான் தொறந்து கெடந்த பாதியா தம்பி? 😏 நான் சொன்னேன்ல.

ரெசின்கை (ஜனவரி 20)

மூணு மாச மழைல பிளைவுட் அழுகாது தம்பி, இது ரெண்டு மூணு வருஷத்துக் கதை. போல்ட்ட வெறும் வாஷரோட முறுக்கியிருப்பாங்க, சீலன்ட் வெச்சிருக்க மாட்டாங்க, கடல்ல ஓடறப்பவே தண்ணி உள்ள போயிட்டுதான் இருந்திருக்கும். இஞ்சினக் கழட்டினதால இப்ப கண்ணுக்குத் தெரியுது. தரங்கைப்பையன், போல்ட் எல்லாத்தையும் உருவிட்டு ஓட்டைய தொறந்து வெய்யிங்க, மாசி பங்குனி வெயில் நல்லா காயட்டும். மொத்துனு வர எடத்த அறுத்து எடுத்துட்டு புதுப் பலகை வெக்கணும். ஈரத்தோட ரெசின் போட்டா ஒட்டாது, யாராச்சும் உடனே பண்ணித் தரேன்னா நம்பாதீங்க.

தரங்கைப்பையன் (ஜனவரி 20)

சரிண்ணே. காயற வரைக்கும் அந்த எடத்துக்கு மேல மட்டும் ஏதாச்சும் மூடணுமா, கோடைமழை வந்தா?

நீலத்தார்ப்பாய் (ஜனவரி 20)

எங்கிட்ட ஒரு தார்ப்பாய் சும்மாதான் கெடக்கு.

ரெசின்கை (ஜனவரி 20)

வாங்கிக்கோங்க. ஆனா இறுக்கிக் கட்டாதீங்க.