அப்போப்டோசிஸ்: மடிவா, தற்கொலையா, உதிர்வா?

வணக்கம். உடலின் உயிரணு ஒன்று சுற்றுப்புறத்துக்குக் கேடின்றி ஒழுங்காகத் தன்னைத் தானே பிரித்துக்கொண்டு இறப்பதை ‘அப்போப்டோசிஸ்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நம் உரையாடலில் இதுவரை ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’, ‘உயிரணுத் தற்கொலை’, ‘தன்மடிவு’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’ என்பது பொருள் விளங்கும் தொடர்தான். ஆனால் அது வேறொரு கலைச்சொல்லின் இடத்தில் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. வளர்ச்சியின் குறிப்பிட்ட கட்டத்தில் குறிப்பிட்ட உயிரணுக்கள் இறக்கின்றன என்ற கருத்தைக் குறிக்க 1960களிலேயே அப்படியொரு தொடர் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிவிட்டது. ‘அப்போப்டோசிஸ்’ என்ற சொல்லோ 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கர்ரி ஆகிய மூவரும் நுண்ணோக்கியில் கண்ட ஒரு குறிப்பிட்ட இறப்பு முறைக்கு இட்ட பெயர். கதிர்வீச்சால் மரபணு சிதைந்த உயிரணுவும் இம்முறையில் இறக்கிறது. அந்த இறப்பை யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. இரண்டுக்கும் ஒரே தொடரைப் பயன்படுத்தினால், இவ்வேறுபாட்டை விளக்கவேண்டிய பக்கத்துக்கு வரும்போது ஆசிரியர் கையில் சொல் இருக்காது.

‘உயிரணுத் தற்கொலை’ என்பதை நான் ஏற்கவில்லை. மாணவர் மனத்தில் அது எழுப்பும் துயரம் ஒருபுறம் இருக்க, அறிவியலுக்கும் அது பொருந்தவில்லை. தொற்றுக்குள்ளான உயிரணுவின் மேற்பரப்பில், வெளியிலிருந்து வரும் குறிப்பை வாங்கும் ஏற்பியைப் பிடித்து, இறந்துபோகும்படி கட்டளையிடுவது பல நேரங்களில் நோயெதிர்ப்பு உயிரணுதான். கட்டளை வெளியிலிருந்து வரலாம். நிறைவேற்றும் கருவிகள்தாம் அந்த உயிரணுவுக்குச் சொந்தமானவை.

‘தன்மடிவு’ நல்ல ஆக்கம். சுருக்கமானது, சொல்லவும் எளிது. ஆயினும் மடிதல் என்பது எவ்வகை இறப்புக்கும் பொருந்திவிடுகிறது. இங்கே நாம் பெயரிட வேண்டியது இறந்தது என்ற செய்திக்கு அன்று, இறந்த விதத்துக்கு.

அந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். காயத்தாலோ நஞ்சாலோ இறக்கும் உயிரணு வீங்கி, சவ்வு கிழிந்து, உள்ளிருப்பதை எல்லாம் வெளியே கொட்டிவிடுகிறது. அதனால் சுற்றியுள்ள திசுவில் அழற்சி மூள்கிறது. இதற்கு ‘நசிவு’ என்ற சொல் போதும். அப்போப்டோசிஸில் நடப்பது இதற்கு நேர்மாறானது. உயிரணு சுருங்குகிறது, உட்கரு திரண்டு துண்டாகிறது, கேஸ்பேஸ் என்னும் நொதிகள் உள்ளேயுள்ள புரதங்களைத் தேர்ந்தெடுத்து வெட்டுகின்றன, மேற்பரப்பில் கொப்புளங்கள் எழுந்து, சவ்வு கிழியாமலே உயிரணு சிறுசிறு பொதிகளாகப் பிரிகிறது. சவ்வின் உட்புறம் இருக்கவேண்டிய ஒருவகைக் கொழுப்பு வெளிப்புறம் திரும்பி, ‘என்னை விழுங்கலாம்’ என்று அறிவிக்கிறது. அண்டை உயிரணுக்கள் அப்பொதிகளை விழுங்கி, பயன்படுவதை எடுத்துக்கொள்கின்றன. அழற்சி இல்லை, தழும்பும் இல்லை.

இனி, மரத்திலிருந்து ஒரு பச்சை இலையைப் பிய்த்துப் பாருங்கள். காம்போடு சேர்ந்து பட்டையும் உரியும், சாறு கசியும். அதே கிளையில் பழுத்த இலையைத் தொட்டாலே போதும், கையோடு வந்துவிடும். காம்பு இருந்த இடத்தில் உலர்ந்த வடு மட்டும் இருக்கும். இலை பழுக்கும்போதே தன் பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரசன் முதலான சத்துகளைத் தண்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காம்படியில் ஒரு பிரிவடுக்கு உருவாகிறது. அதன்பிறகே இலை விழுகிறது. முதலாவது நசிவைப் போன்றது, இரண்டாவது அப்போப்டோசிஸைப் போன்றது. கெர் முதலான மூவருக்கும் ‘அப்போப்டோசிஸ்’ என்ற சொல்லைப் பரிந்துரைத்த கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மாக்கின் மனத்திலும் இதே காட்சிதான் இருந்தது. மலரிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒரே இலைக்குப் பருவந்தோறும் பெயர் வைத்த மொழி நம்முடையது. ‘உதிர்தல்’ என்னும் வினையை வைத்துக்கொண்டு நாம் வேறெங்கோ தேடவேண்டியதில்லை.

‘உதிர்வு’ என்று மட்டும் சொன்னால் முடி உதிர்வோடும் இலையுதிர்வோடும் குழம்பும். எனவே ‘தன்னுதிர்வு’ என்று முன்மொழிகிறேன். தன் என்னும் தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டிப்பதால், புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. ‘தன்’ என்ற முன்னொட்டு, கட்டளை எங்கிருந்து வந்தாலும் நிறைவேற்றம் உள்ளிருந்தே நிகழ்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: திசுவுக்குள் இறக்கும் உயிரணு எங்கும் விழுவதில்லையே, விழுங்கத்தானே படுகிறது? மறுப்பு நியாயமானது. ஆனால் அக்குறை கிரேக்கச் சொல்லுக்கும் உண்டு. உவமையாகப் பிறந்த கலைச்சொல்லில் எல்லாக் கூறுகளும் பொருந்தவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எது முதன்மையான கூறோ அது பொருந்தினால் போதும். இங்கே முதன்மையானது, உடலுக்குக் காயமின்றிப் பிரிதல்.

ஒரு சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் அறியமுடியும் என்பதால், சிலவற்றை எழுதிப்பார்த்தேன். ‘கருவின் கை முதலில் துடுப்புப் போலிருக்கிறது, விரல்களுக்கு இடைப்பட்ட உயிரணுக்கள் தன்னுதிர்வு அடைந்தபின்பே விரல்கள் தனித்தனியாகின்றன.’ ‘சி. எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் இருபால் உயிரியில் உருவாகும் 1,090 உடல் உயிரணுக்களில் 131 தன்னுதிர்ந்துவிட, 959 எஞ்சுகின்றன.’ ‘மரபணு சிதைந்த உயிரணு தன்னுதிராமல் தப்பினால் அது புற்றாக மாறக்கூடும், அதனைத் தன்னுதிரச் செய்வதே பல மருந்துகளின் வேலை.’ மூன்றிலும் சொல் வினையாகவும் பெயராகவும் தடையின்றி வளைகிறது. பிரிந்த பொதிகளைத் ‘தன்னுதிர் பொதிகள்’ என்றும், இந்நிகழ்வைத் தடுக்கும் புரதங்களைத் ‘தன்னுதிர்வுத் தடுப்பிகள்’ என்றும் சொல்லலாம். உயிரணு தன் பழுதான உறுப்புகளைத் தானே செரித்துக்கொள்ளும் ‘ஆட்டோஃபேஜி’க்குத் ‘தன்னுண்ணல்’ என்று வைத்தால், இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாகப் பாடநூலில் அருகருகே நிற்கும். ‘தன்மடிவு’ என்பதை முன்மொழிந்த நண்பர், இதே மூன்று வாக்கியங்களில் தம் சொல்லையும் பொருத்திப் பார்த்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.