வாட்டர்கலர்: தொட்டுத் தொட்டே படத்தைக் கெடுப்பவர்களுக்கு என்ன பயிற்சி தரலாம்?

வணக்கம். புதிதாக வாட்டர்கலர் பழகுவோருக்கு ஞாயிறு காலைப் பயிற்சி நடத்துகிறோம். அடுத்தவர் படங்களைப் போனில் சேமித்து ரசிக்கிறார்கள். தாளில் கைவைக்கத்தான் தயக்கம். வைத்துவிட்டாலோ எடுப்பதில்லை, அதுதான் பெரிய தலைவலி. வானத்துக்கு வாஷ் (தண்ணீராகக் கரைத்த நிறத்தைப் பரவலாகப் பூசுவது) போட்டு, தாளின் ஈர மினுமினுப்பு அடங்குகிற நேரம் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று ஈரத் தூரிகையை வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர், பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிவிடுகிறது. சரிசெய்கிறேன் என்று தேய்த்தால் தாள் திரிதிரியாக எழும்புகிறது.

இப்போதைக்குச் செய்வது இது: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம், தடிமனான) ஏ4 தாளை நான்காக வெட்டி, ஒரே காட்சியை நான்கு தடவை, தடவைக்கு 10 நிமிடம். 1 இன்ச் தட்டைத் தூரிகை, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு (இரண்டையும் கலந்தால் நல்ல சாம்பல் நிறமும் வரும்), அவ்வளவுதான். ரப்பர் கிடையாது.

100% பருத்தித் தாள் கொடுத்தால் விலையை நினைத்தே கை நடுங்குகிறது. மரக்கூழ்த் தாளில் வாஷ் சீக்கிரம் காய்ந்து திட்டுத் திட்டாகிறது. இரண்டுக்கும் நடுவில், ஈரம் தாங்கும் தாள் ஏதும் உண்டா? மினுமினுப்பு அடங்கியதும் தூரிகையைக் கீழே வைக்க எப்படிப் பழக்குகிறீர்கள்? வாஷைக் காயவைக்க ஹேர் டிரையர் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.