ராத்திரி பம்ப் தானா ஓடுது, கேபினட் அடிப்பலகை ஊதுது: டிரெய்லர் கேம்பர், உதவி வேணும்

தோவாளை_டிரெய்லர்

மூடிய சரக்கு டிரெய்லர், ஒற்றை ஆக்ஸில். உள்ளே 10 அடி நீளம், 6 அடி அகலம். சுவர் ஜி.ஐ. ஷீட், விலா 40×20 மி.மீ. பாக்ஸ் பைப். ஆக்ஸிலில் இருந்து கொக்கி வரை 3 மீட்டர். உள்ளே கட்டில், சிங்க், சின்ன ஷவர், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தொட்டி பின்பக்கம் கட்டிலுக்கு அடியில், அதன் நடு ஆக்ஸிலுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் இருக்கு. நாலு கோளாறு:

1. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதே 20 நிமிஷத்துக்கு ஒருதடவை பம்ப் ரெண்டு விநாடி ஓடி நிக்குது.
2. சிங்க் கேபினட்டின் அடிப்பலகை ஊதி லேயர் பிரியுது. "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லி வாங்கின 18 மி.மீ. பிளைவுட்.
3. தொட்டியை நிரப்பிக்கிட்டு 60-ல் போனா வால் ஆடுது. ஆரல்வாய்மொழி தாண்டும்போது ரொம்ப மோசம். தொட்டி காலியா இருந்தா ஆட்டமே இல்லை.
4. ஓடி நின்ன பிறகு சிங்கில் சாக்கடை வாடை.

எதை முதல்ல பார்க்கணும்?

தக்கலை_பைப்லைன்

முதல் ரெண்டும் ஒரே கோளாறா இருக்க வாய்ப்பு அதிகம். நாலு கேள்வி. பம்ப் என்ன வகை, கட்-ஆஃப் அழுத்தம் (பம்ப் தானா நிக்கிற அழுத்தம்) லேபிளில் எவ்வளவு? லைன் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயா, வளையுற ஓஸா? பம்புக்குப் பிறகு பால் வால்வு உண்டா? பலகை முன்பக்கம் ஊதியிருக்கா, பின்மூலையிலா?

தோவாளை_டிரெய்லர்

பம்ப், மருந்து தெளிக்கிற மெஷினுக்கு வருகிற 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், புதுசு. லேபிளில் 100 பி.எஸ்.ஐ., 5 ஆம்பியர். லைன் அரை இஞ்ச் சி.பி.வி.சி., எஸ்.டி.ஆர். 11 (விட்டம், சுவர்த் தடிமனைப் போல 11 மடங்கு). வால்வு இல்லை. பலகை ஊதினது இடது பின்மூலை மட்டும். முன்பக்கம் காய்ஞ்சு கெடக்கு.

குளச்சல்_போட்யார்ட்

பம்புக்குப் பக்கத்தில் 1 லிட்டர் அக்கியூமுலேட்டர் (உள்ளே காற்றை அடைச்சு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற சின்னக் கலம்) போடுங்க. படகில் எல்லாம் இதுதான். ராத்திரி சத்தம் போயிரும்.

தக்கலை_பைப்லைன்

இப்போ போடாதீங்க. போட்டா சத்தம்தான் போகும், கசிவு போகாது. சி.பி.வி.சி. விறைப்பான குழாய், உள்ளே தண்ணீருக்கு அமுங்க இடமே கிடையாது. சில மில்லி லிட்டர் வெளியே போனாலே அழுத்தம் இறங்கி பம்ப் ஆன் ஆகும். அதனாலதான் இவ்வளவு சின்னக் கசிவு இப்போ காதில் கேட்குது. அக்கியூமுலேட்டர் போட்டால் அதே கசிவுக்கு பம்ப் விடியற வரைக்கும் ஓடாமல் இருக்கும், பலகை மட்டும் ஊறிக்கிட்டே இருக்கும்.

சோதனை இப்படி. பம்பின் வெளிவாயில் ஒரு பால் வால்வு, அதற்கு அடுத்து டீ போட்டு 0–7 பார் (ஏறக்குறைய 0–100 பி.எஸ்.ஐ.) அழுத்தம் காட்டுகிற கேஜ். பம்பை ஓட்டி, தானா நின்றதும் சுவிட்சை அணைத்து வால்வை மூடுங்க. அரை மணி நேரம் முள்ளைப் பாருங்க.

முள் இறங்கினால் லைனில் கசிவு. இறங்காமல் நின்றால் லைன் சுத்தம், பம்புக்குள் இருக்கிற ஒருவழி வால்வு வழியா தண்ணீர் தொட்டிக்கே திரும்புது. அப்படியானால் வால்வைக் கழற்றி அதில் மாட்டின மணலையோ பிளாஸ்டிக் துருவலையோ எடுக்கணும். வெயில் சாய்ந்த பிறகு செய்யுங்க. பகலில் ஷீட் சுவர் சூடாகி, அடைபட்ட தண்ணீர் விரிஞ்சு முள் ஏறும், கசிவு இருந்தாலும் தெரியாது.

இறங்கினால் ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. கையால் தடவினால் இந்த ஊர் ஈரக்காற்றில் எல்லாமே ஈரமாத்தான் தெரியும்.

தோவாளை_டிரெய்லர்

பார்த்தாச்சு. பத்து நிமிஷத்தில் 90-ல் இருந்து 55 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிச்சு. சிங்க் குழாய் மாட்டின எல்போவில் (வளைவு மூட்டில்) பேப்பர் நனைஞ்சிருக்கு. கழற்றினால் எல்போவின் மரைப் பக்கத்தில் நீளவாக்கில் முடி மாதிரி ஒரு கீறல். நேர் கீழே அந்தப் பின்மூலை. எஸ்.டி.ஆர். 11 குழாய் 100 பி.எஸ்.ஐ. தாங்காதா?

தக்கலை_பைப்லைன்

குழாய் தாங்கும். 23 டிகிரி சூட்டில் அதன் மதிப்பு 400 பி.எஸ்.ஐ. தாங்காமல் போனது மரை மூட்டு. முழு பிளாஸ்டிக் எல்போவின் உள்மரையில் பித்தளைக் குழாயின் வெளிமரையை முறுக்கியிருக்கு. குழாய் மரை ஆப்பு மாதிரி கூம்பானது. முறுக்க முறுக்கப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். டெஃப்லான் டேப்பை இருபது சுற்று சுற்றினால் ஆப்பு இன்னும் தடிக்கும். வீட்டில் சுவருக்குள் சிமென்ட் பிடிச்சிருக்கும், அதனால பல வருஷம் தப்பிக்கும். டிரெய்லரில் குழியில் விழுகிற ஒவ்வொரு தடவையும் குழாய் ஆடி, விறைப்பான லைன் அந்த எல்போவையே நெம்பும்.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான்:

பம்பை மாற்றுங்க. குடிநீருக்கென்று விற்கிற 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், கட்-ஆஃப் 35–40 பி.எஸ்.ஐ., நிமிஷத்துக்கு 4–5 லிட்டர் போதும். 11 லிட்டர் பம்ப் போட்டு ஷவரைத் திறந்தால் 100 லிட்டர் ஒன்பது நிமிஷத்தில் தீர்ந்துரும். உங்க பம்பின் பிரஷர் சுவிட்ச் திருகைத் தளர்த்தினால் கொஞ்சம் குறையும், 40 வரைக்கும் பெரும்பாலும் வராது. படிக்கிற மற்றவங்களுக்கும் சொல்றேன்: ஒருதடவை பூச்சிமருந்து ஓடின பம்பைக் கழுவியும் குடிதண்ணீருக்குப் போடவே கூடாது.

லைனில் சி.பி.வி.சி.யை எடுத்துட்டு, உள்விட்டம் 12 மி.மீ. நைலான் பின்னல் ஓஸ், ஃபுட் கிரேடு. உங்க அளவுக்கு 7 மீட்டர் போதும். ஒவ்வொரு முனையிலும் எஸ்.எஸ். கிளாம்ப், 30 செ.மீ.க்கு ஒரு கிளிப், விலாவைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் ஓரத்தை மூடுகிற வளையம்). தொட்டியிலிருந்து பம்புக்கு வருகிற துண்டு மட்டும் உள்ளே கம்பிச்சுருள் உள்ள உறிஞ்சு ஓஸ். சாதா ஓஸ் வெயிலில் இளகி, உறிஞ்சும்போது சப்பிரும். பம்புக்கு முன்னால் வலை வடிகட்டி கட்டாயம்.

குழாய் மாட்டுகிற இடத்தில் பித்தளை உள்மரை வைத்த எல்போ. டேப் ஐந்தாறு சுற்று, கை இறுக்கத்துக்கு மேல் ஒன்றரைத் திருப்பு. அதுக்கு மேல ஸ்பானர் போடாதீங்க.

இதெல்லாம் முடிஞ்சு கேஜ் முள் இறங்காமல் நின்ற பிறகு குளச்சல் அண்ணன் சொன்ன அக்கியூமுலேட்டரைப் போடலாம். குழாயை லேசாத் திறக்கும்போது வருகிற டக்-டக் அப்போதான் நிக்கும். காற்றை, பம்ப் ஆன் ஆகிற அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவா, லைனில் அழுத்தம் இல்லாதப்போ நிரப்பணும்.

நாகர்கோவில்_12வோல்ட்

பம்புக்கு என்ன ஒயர்? பேட்டரி முன்னால், பம்ப் பின்னால் என்றால் ஒருவழி 6 மீட்டர் இருக்கும். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்பியருக்குப் போக வர 0.7 வோல்ட் விழும், 4 சதுர மி.மீ. போட்டால் 0.3. பேட்டரி இறங்கின ராத்திரியில் இந்த வித்தியாசம் தெரியும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ்.

கோட்டாறு_மரவேலை

பிளைவுட்டில் அடிச்சிருக்கிற முத்திரையைப் பாருங்க. ஐ.எஸ். 303 என்று இருந்தால் பொது உபயோகப் பலகை, அதில் எம்.ஆர். கிரேடு ஈரத்தைத்தான் தாங்கும், தேங்கின தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 என்றால்தான் மரைன். கடைக்காரர் வாயில் எல்லாமே வாட்டர்ப்ரூஃபாக்கும்.

முழுசா இடிக்க வேண்டாம். அடிப்பலகையை மட்டும் எடுத்துட்டு ஐ.எஸ். 710-ல் 12 மி.மீ. போடுங்க. 8×4 ஷீட் 18 மி.மீ. ஏறக்குறைய 35 கிலோ, 12 மி.மீ. 23 கிலோ. அடுத்து செய்கிற கேபினட்டுக்கும் 12 போதும், பலம் தடிமனில் இல்லை, மூலைக்கட்டையில் இருக்கு. மூலைக்கு அயினிக் கட்டை 20×20 வையுங்க. படகுக்குப் போடுற மரம், உப்புக்காற்று அதுக்குப் பழக்கம். நம்ம பக்கம் மலிவா கிடைக்குதேன்னு ரப்பர் மரப் பலகையை சிங்குக்குக் கீழே வைக்காதீங்க; ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் விழும். மேஜைப் பலகைக்குத் தாராளமா போடலாம்.

வெட்டின ஓரங்கள்தான் தண்ணீர் குடிக்கிற வாய். நாலு ஓரத்துக்கும், குழாய் போகிற துளையின் உள்சுற்றுக்கும் எபாக்ஸி ரெண்டு கோட். பலகையைத் தரையில் ஒட்ட வைக்காமல் 20 மி.மீ. அலுமினியக் குழாய் மேல் தூக்கி வையுங்க, பின்மூலையில் ஒரு 10 மி.மீ. துளை. அடுத்த தடவை கசிந்தால் பலகைக்குள் தேங்காமல் தரையில் தெரியும்.

கேபினட்டை எதில் பிடிச்சிருக்கு? ஷீட்டில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ என்றால் அதிர்வில் துளை அகண்டு கழன்றுரும். பாக்ஸ் பைப் விலாவில் எம்6 ரிவ்நட் (மெல்லிய குழாயில் பதிக்கிற மரை நட்) அடிச்சு எஸ்.எஸ். போல்ட். ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ். 304, கடலோரத்திலேயே நிறுத்துற வண்டின்னா 316. எஸ்.எஸ். போல்ட் அலுமினியத்தைத் தொடுகிற இடத்தில் நைலான் வாஷர் போடாட்டி அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிரும். கதவுக்குக் காந்தம் வேண்டாம், ஒரு பிரேக்கில் தட்டெல்லாம் வெளியே வரும். அமுக்கித் திறக்கிற பட்டன் லாட்ச்.

ஆரல்_லோடு

மூணாவது கோளாறுக்கு வாரேன். எடைமேடையில் காலியாவும் தொட்டி நிரப்பியும் மொத்த எடை எடுங்க. பிறகு டிரெய்லரை மட்டமா நிறுத்தி, கொக்கிக்கு அடியில் ஒரு கட்டை, அதுக்குக் கீழே ஆள் எடை பார்க்கிற மெஷின். ரெண்டு நிலையிலும் கொக்கி எடை என்ன?

தோவாளை_டிரெய்லர்

காலித் தொட்டி: மொத்தம் 650, கொக்கியில் 80. நிறைந்த தொட்டி: 750, கொக்கியில் 40.

ஆரல்_லோடு

அதுதான். கொக்கி எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். காலியா 12 இருக்கு, நிரப்பினால் 5-க்குப் போயிருது. பின்பாரம் கூடின டிரெய்லர் ஊசல் மாதிரி ஆடும். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து முப்பந்தல் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற மேற்குக் காற்று அந்த ஆட்டத்தைத் தொடங்கி வைக்குது.

தொட்டியை ஆக்ஸிலுக்கு 0.3 மீட்டர் முன்னால் நகர்த்துங்க. 100 கிலோ × 0.3 ÷ 3 = 10 கிலோ கொக்கியில் ஏறும். 80 + 10 = 90, 750-ல் 12 சதவீதம். தொட்டி காலியானாலும் நிறைந்தாலும் சதவீதம் மாறாது, அதாக்கும் வேண்டியது. 90 கிலோவை இழுக்கிற வண்டியின் கொக்கி தாங்குமான்னு அதன் கையேட்டில் பார்த்துக்கோங்க. தொட்டியை 25 மி.மீ. இரும்புப் பட்டை ரெண்டு போட்டு சேஸியில் கட்டுங்க, பலகையில் அடிச்ச கொக்கியில் இல்லை. காற்றுக்குழாய் 10 மி.மீ.யாவது இருக்கணும், இல்லாட்டி நிரப்பும்போது எதுக்களிக்கும், பம்ப் இழுக்கும்போது தொட்டி உள்ளே ஒடுங்கும்.

ஓடும்போது ஆட ஆரம்பிச்சா பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு நேரா பிடிங்க.

இன்னொண்ணு, ஆர்.சி.யில் எழுதியிருக்கிற எடைக்கு மேல் போகக் கூடாது. பதிவில் உள்ள விவரத்துக்கு மாறா வண்டியை மாற்றுகிற எதுவும் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுக்குள் வரும். உள்வேலையை முடிக்கிறதுக்கு முன்னால ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்து மூலமா கேட்டு வையுங்க.

குளச்சல்_போட்யார்ட்

வாடைக்கு: சிங்கின் கீழே பாட்டில் டிராப்தானே? வளைவுகளில் அதுக்குள் நிற்கிற தண்ணீர் தளும்பி வெளியேறிரும், பிறகு கழிவுத் தொட்டிக் காற்று நேரா மேலே வரும். தண்ணீர் இல்லாமல் ரப்பர் உதடு மூடுகிற ஒருவழி டிராப் போடுங்க. கழிவுத் தொட்டிக்குக் கூரைக்கு மேல் ஒரு காற்றுக்குழாய். சாய்வு மீட்டருக்கு 2 செ.மீ.

கேஸ் எங்கே? 5 கிலோ சிலிண்டரை பம்ப் இருக்கிற கேபினட்டில் வைக்காதீங்க. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோரம் தேங்கும், பம்ப் சுவிட்ச் பொறி போதும். சிலிண்டருக்குத் தனி அறை, அதன் தரையில் வெளியே திறக்கிற துளை.

தோவாளை_டிரெய்லர்

செய்து முடிச்சாச்சு. புது பம்ப் 40-ல் நிக்குது, ராத்திரி எட்டு மணி நேரம் வால்வை மூடி வைச்சும் முள் அசையலை. தொட்டி நகர்த்தின பிறகு நிரப்பி எடுத்த கொக்கி எடை 91 கிலோ. பலகையில் முத்திரை ஐ.எஸ். 303 எம்.ஆர்.தான். புது ஓஸில் பிளாஸ்டிக் வாடை வருது, தொட்டியையும் சேர்த்துக் கழுவ எதைப் போடணும்?

தக்கலை_பைப்லைன்

வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி, நிறைந்த 100 லிட்டர் தொட்டிக்கு. ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் முழுசா வடித்து, நல்ல தண்ணீரால் ரெண்டு தடவை நிரப்பி வடியுங்க. வடிகட்டி வலையை அதற்குப் பிறகு ஒருதடவை கழற்றிப் பாருங்க, ஓஸ் வெட்டின துருவல் அங்கேதான் கெடக்கும்.